விலங்குகளின் வழித்தடங்கள்: ஆய்வாளரிடம் கேள்வி பதில்

கேள்வி (கூடலூரிலிருந்து ஓர் ஆசிரியை): யானைகளின் வலசைப் பாதையும் வழித்தடமும் ஒன்றுதானா, ஐயா? செய்தித்தாள்களில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள்.

பதில்: ஒன்றல்ல, அம்மா. பருவத்துக்கு ஏற்ப நீரையும் தீவனத்தையும் தேடி யானைக் கூட்டம் சுற்றிவரும் நெடும்பயணம்தான் வலசை. அந்தப் பயணத்தில் இரண்டு பெரிய காடுகளை இணைக்கும் குறுகலான பகுதியே வழித்தடம். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சீகூர் பீடபூமியையே பாருங்கள். தெற்கே நீலகிரியின் செங்குத்தான சரிவு, வடக்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கு; இரண்டிலும் யானை எளிதாக ஏறி இறங்க முடியாது என்பதால், முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே அது நடக்க எஞ்சியிருப்பது நடுவிலுள்ள சமதளம் மட்டுமே. அங்கே விடுதிகளும் மின்வேலிகளும் பெருகியதால்தான் தமிழக அரசு 2010இல் வழித்தடத்தை அறிவிக்கை செய்தது. அதை உயர் நீதிமன்றம் 2011இலும், உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரிலும் உறுதி செய்தன. வழித்தடத்தைப் பேருந்துச் சாலை போல நினைப்பவர்கள் பலர். யானைகள் அங்கே மேய்கின்றன, நீர் அருந்துகின்றன, குட்டியோடு பல நாள் தங்குகின்றன. ஆகவே பத்தடி அகலத்துக்கு வழி விட்டால் போதும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): விலங்கு எந்த வழியாகப் போகும் என்பதைக் கணினி வரைபடம் சரியாகச் சொல்லிவிடுமா?

பதில்: ஓரளவுக்குச் சொல்லும். இன்று பரவலாகப் பயன்படும் முறை மின்சுற்றுக் கோட்பாட்டிலிருந்து வந்தது; அது விலங்கின் நடமாட்டத்தை மின்னோட்டம் போலக் கருதுகிறது. அடர்ந்த காட்டுக்குக் குறைந்த மின்தடை (மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு), வயலுக்குச் சற்றுக் கூடுதல், நகரத்துக்கு மிக அதிகம் என நிலப்பரப்பின் ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு மதிப்பைக் கொடுத்து, ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்கு மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்த்தால், எங்கே அது நெருக்கிக்கொண்டு பாய்கிறதோ அந்த இடுக்குதான் முதலில் காக்க வேண்டிய இடம். சிக்கல் என்னவென்றால், அந்த மதிப்புகளைப் பல நேரங்களில் நாமே அனுமானித்துக் கொடுக்கிறோம். மகாராஷ்டிரத்தின் திபேஷ்வர் சரணாலயத்தில் 2019இல் இருப்பிடத்தைக் காட்டும் ரேடியோ கழுத்துப்பட்டை பொருத்தப்பட்ட ஓர் இளம் ஆண் புலி, வயல்களையும் சாலைகளையும் ஊர்ப்புறங்களையும் கடந்து, தெலங்கானாவுக்குள்ளும் போய் வந்து, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நடந்து ஞானகங்கா சரணாலயத்தை அடைந்தது. பருத்தி வயலில் புலி நடக்காது என்று மதிப்புக் கொடுத்திருந்தால் வரைபடம் அந்த வழியைக் காட்டியிருக்காது. அதனால் கழுத்துப்பட்டைத் தரவு, தானியங்கி கேமராப் படம், யானையின் சாணமான லத்தியிலிருந்தும் மற்ற விலங்குகளின் எச்சத்திலிருந்தும் எடுக்கும் மரபணு ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்காத எந்த வரைபடத்தையும் முடிவாகக் கொள்ளாதீர்கள். புளியங்கொட்டை நிறைந்த ஒரு லத்தி, அந்த யானை அண்மையில் எங்கே மேய்ந்திருக்கும் என்பதற்கே ஒரு தடயம்.

கேள்வி (மதுரை வாசகர்): காடுகளுக்கிடையே இணைப்பு அறுந்தால் உடனே இனம் அழிந்துவிடுமா?

பதில்: உடனே அழியாது, அதனால்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். அமெரிக்காவின் புளோரிடாவில் தனித்துப்போன பூமா என்ற பெரும்பூனைகளிடையே நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் நடந்து, வளைந்த வாலும் இதயக் குறையும் தோன்றிய பிறகே, 1995இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள்.

கேள்வி (நெடுஞ்சாலைப் பொறியாளர் ஒருவர்): சாலைக்கு அடியில் வழி அமைத்தால் விலங்குகள் உண்மையிலேயே பயன்படுத்துகின்றனவா?

பதில்: இடம் தாராளமாக இருந்தால் பயன்படுத்துகின்றன. மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய 44ஆம் தேசிய நெடுஞ்சாலையில் இத்தகைய 9 கட்டுமானங்கள் உள்ளன. மிக நீளமானது 750 மீட்டர். 2019 மார்ச் முதல் டிசம்பர் வரை அங்கே வைத்த கேமராக்களில் 18 வகைக் காட்டு விலங்குகள் பதிவாயின. 11 புலிகள் 89 முறை கடந்தன. மழைநீர்க் குழாயைக் காட்டி இதுவே விலங்குக்கும் வழி என்று திட்ட அறிக்கையில் எழுதுவதை மட்டும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

கேள்வி (வால்பாறையிலிருந்து ஒரு தேயிலைத் தொழிலாளி): எங்கள் எஸ்டேட்டில் காடே இல்லை. யானை வந்தால் துரத்திவிடுவதுதானே நல்லது?

பதில்: துரத்தினால் கூட்டம் சிதறும், எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வால்பாறையில் நேர்ந்த உயிரிழப்புகளில் பெரும்பாலானவை, யானை நிற்பது தெரியாமல் சாலையிலும் நடைபாதையிலும் எதிர்ப்பட்டதால் நேர்ந்தவை. அதனால்தான் அங்கே யானை நிற்கும் இடத்தைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாக அனுப்பும் ஏற்பாடும், உயரமான இடங்களில் கைப்பேசியால் இயக்கும் சிவப்பு விளக்குகளும் வந்தன. மாலைப் பேருந்திலிருந்து இறங்குபவர் மேலே விளக்கு எரிவதைப் பார்த்தால், தனியாக நடக்காமல் காத்திருப்பார். காடு இல்லை என்கிறீர்கள், ஐயா. ஆற்றோரத்து மரங்களையும் சோலைத் துண்டுகளையும் யானை தன் காடாகவே பார்க்கிறது. பகலில் அங்கே ஒதுங்கி நின்று, இருட்டிய பிறகே தேயிலையைக் கடக்கிறது. ஓடைக்கரை வரை வெட்டித் தேயிலை நடாமல் இருந்தாலே, குடியிருப்பை ஒட்டி யானை நிற்க வேண்டிய தேவை குறையும். உங்கள் எஸ்டேட் மேலாளரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.