பூட்டை உடைத்தது இருக்கட்டும், ஆட்-இன் யாருடையது?

கேள்வி: கோவையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் எட்டு வருடமாகக் கணக்கராக இருக்கிறேன். ஜிஎஸ்டிஆர்-2பி-யையும் (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் அறிக்கை) பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் ஒப்பிட்டு, பொருந்தாத பில்களைப் பிரித்துக் காட்டும் எக்செல் ஆட்-இன் (எக்செலோடு சேர்ந்து ஓடும் சிறு நிரல்) ஒன்றை, எக்செலுக்குள்ளேயே நிரல் எழுத உதவும் விபிஏ மேக்ரோவில் எழுதினேன். பாதி வீட்டில், பாதி ஆபீஸ் லேப்டாப்பில். பாஸ்வேர்டு போட்டு, தெரிந்தவர்களுக்கு 3,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். பெங்களூருவில் வாங்கிய ஒருவர் பாஸ்வேர்டை உடைத்து, என் பெயரை எடுத்துவிட்டு, 500 ரூபாய்க்கு வாட்ஸ்அப்பில் விற்கிறார். நோட்டீஸ் அனுப்பலாமா?

பதில்: இப்போதைக்கு அனுப்பாதீர்கள். நோட்டீஸ் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது, ‘இது உங்களுடையதுதானா?’ என்பதாகத்தான் இருக்கும். நீங்கள் எழுதியதிலேயே பலவீனமான இடம் அந்த ஆபீஸ் லேப்டாப்.

மேக்ரோ கோடும் கணினி நிரல்தான். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) அதை இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. எழுதியவரே முதல் உரிமையாளர். ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் அந்த வேலையின் போக்கில் எழுதியது, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும் என்கிறது 17-ஆவது பிரிவு. ‘என் வேலை கணக்குப் பார்ப்பது, நிரல் எழுதுவது அல்ல’ என்று நீங்கள் வாதாடலாம். நல்ல வாதம்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் உங்கள் அன்றாட வேலை, அதற்காகவே எழுதினீர்கள், ஆபீஸ் கணினியிலும் எழுதினீர்கள். நீதிபதி எந்தப் பக்கம் சாய்வார் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

அதனால் முதல் வேலை, ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசுவது. ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு வரி எழுதி வாங்கினால் போதாது. உரிமை அவருடையதாக இருந்தால் அதை உங்களுக்கு மாற்றிக் கொடுத்ததாக எழுத்தில், அவர் கையெழுத்துடன் இருக்க வேண்டும். காலமும் எல்லையும் அதில் எழுதப்பட வேண்டும். எழுதாமல் விட்டால் சட்டம் ஐந்து வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். இத்தனை நாள் வெளியே விற்றது தெரிந்தால் அவர் முகம் சுளிக்கலாம். அதற்கும் தயாராகப் போங்கள். மாதிரிக் கோப்பில் ஆடிட்டரின் கட்சிக்காரர்களின் ஜிஎஸ்டி எண்கள் கிடந்தால் அவற்றை முதலில் எடுத்துவிடுங்கள். அது தனித் தலைவலி.

உரிமை உங்களுடையதாக இல்லாமல் மிரட்டல் நோட்டீஸ் அனுப்பினால், 60-ஆவது பிரிவின்படி அந்தப் பெங்களூருக்காரரே உங்கள் மேல் வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்கலாம். நான் நிதானிக்கச் சொல்வது அதனால்தான்.

பாஸ்வேர்டை உடைத்ததைப் பெரிதாக்காதீர்கள். விபிஏ பாஸ்வேர்டு வீட்டுப் படலைக் கதவு மாதிரி, மாட்டை நிறுத்தும், திருடனை நிறுத்தாது. அதோடு, காசு கொடுத்து வாங்கியவர் தன் உபயோகத்துக்காகக் காப்பி எடுக்கவும், தனக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளவும் 52-ஆவது பிரிவு ஓரளவு இடம் கொடுக்கிறது. ஒரு நெடுவரிசையைத் திருத்த உள்ளே போனேன் என்று அவர் சொல்லலாம். ஆனால் வெளியே விற்பதற்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. அவரைப் பிடிக்க வேண்டியது அங்கேதான்.

இன்னொன்று, ஒப்பிடும் யோசனைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. பில் எண்ணையும் தொகையையும் பொருத்திப் பார்க்கும் புது நிரலை அவரே எழுதியிருந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. காப்பி என்று நிரூபிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய இரண்டு கோப்புகளையும் என் ஜூனியர் திறந்து பார்த்தார். நிரலில் ஒரு மாறியின் (வேரியபிள்) பெயரில் ‘இன்வாய்ஸ்’ என்பதை ‘இன்வாஸ்’ என்று தப்பாக அடித்திருக்கிறீர்கள், பதினோரு இடத்தில். அவர் விற்கும் கோப்பிலும் அதே பதினோரு இடம். அந்த எழுத்துப்பிழையைத் தயவுசெய்து திருத்தாதீர்கள். என்னைக் கேட்டால், பதிப்புரிமைப் பதிவுச் சான்றிதழைவிட அது பெரிய சாட்சி.

பதிவு கட்டாயம் இல்லை. செய்து வைத்தால் நல்லது. மூல நிரலின் (சோர்ஸ் கோடு) முதல் பத்துப் பக்கமும் கடைசிப் பத்துப் பக்கமும் கேட்பார்கள், எதையும் மறைக்காமல் கொடுக்க வேண்டும். இருபது பக்கத்துக்குக் குறைவாக இருந்தால் முழுவதும்.

ஆடிட்டர் கையெழுத்து வந்த பிறகு, தடையாணையும் நஷ்டஈடும் கேட்டு வழக்குப் போடலாம். நீங்கள் கோவையில் குடியிருப்பதால் பெங்களூருவுக்கு அலைய வேண்டாம், 62-ஆவது பிரிவு அதற்கு வழி விடுகிறது. போலீஸ் புகாரும் கொடுக்கலாம். 63-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு. இது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் பழக்கம், முதலில் சிவில்.

அதுவரை செய்ய ஒரு வேலை இருக்கிறது. உங்களோடு சம்பந்தமில்லாத நண்பர் ஒருவரை 500 ரூபாய் கட்டி அந்தக் கோப்பை வாங்கச் சொல்லுங்கள். பணம் போன ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், வந்த கோப்பு, மூன்றும் அந்த நண்பரின் போனிலேயே இருக்கட்டும். எதையும் அழிக்க வேண்டாம், போனையும் மாற்ற வேண்டாம். மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழில் அந்த போனின் விவரம் எழுத வேண்டியிருக்கும்.