மைலுக்கு எத்தனை சென்ட்னு மட்டும் பாத்து சேராதீங்க

கேள்வி: அண்ணே, அமெரிக்கால க்ரீன் கார்டோட இருக்கேன், வயசு 29, இப்போ வேர்ஹவுஸ்ல வேலை. ஒரு டிரக் கம்பெனில டிரெய்னிங் ஃப்ரீ, ஸ்டார்ட்டிங் மைலுக்கு 50 சென்ட்னு சொல்றாங்க. நம்பி சேரலாமா, கைக்கு எவ்ளோ வரும்?

பதில்: சேரலாம் தம்பி, ஆனா அந்த 50 சென்ட்டை விட வாரத்துக்கு எத்தனை மைல் ஓட்ட லோடு குடுப்பாங்கங்கறதுதான் முக்கியம். 2,500 மைல் கிடைச்சா 1,250 டாலர், 1,800தான் கிடைச்சா 900, அதுவும் வரி பிடிக்கறதுக்கு முன்னாடி. ஒரு ஷிஃப்ட்ல 11 மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாது, அதையும் வேலை ஆரம்பிச்ச 14 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், அதனால ஒரு குடோன்ல லோடு ஏத்த அஞ்சு மணி நேரம் காக்க வச்சா அன்னிக்கு மைலும் போச்சு காசும் போச்சு. அதனால வெயிட்டிங்குக்கு பணம் உண்டா, எத்தனை மணி நேரம் கழிச்சு ஆரம்பிக்கும்னு கேளுங்க. ஸ்டேட் தாண்டி ஓட்டற டிரைவருக்கு பெடரல் (மத்திய அரசு) சட்டப்படி ஓவர்டைம் கட்டாயம் இல்ல, இத நிறைய பேர் சேர்ந்தப்புறம்தான் தெரிஞ்சுக்கறாங்க.

டிரெய்னிங் விஷயம். 2022 பிப்ரவரி 7ல இருந்து புதுசா சிடிஎல் (டிரக் மாதிரி பெரிய வண்டி ஓட்டற கமர்ஷியல் லைசென்ஸ்) எடுக்கறவங்க பெடரல் ரிஜிஸ்ட்ரில இருக்கற ஸ்கூல்லதான் படிக்கணும், கம்பெனி ஸ்கூலா இருந்தாலும் அதே ரூல், ஆனா இத்தனை மணி நேரம் ஓட்டிப் பழகணும்னு கணக்கு எதுவும் கிடையாது, அதனால ஸ்டியரிங் உங்க கைல எவ்ளோ நேரம் இருக்கும்னு நேரடியா கேளுங்க. ஆட்டோமேட்டிக் வண்டில டெஸ்ட் குடுத்தா கியர் வண்டி ஓட்டக்கூடாதுன்னு லைசென்ஸ்லயே போட்டுடுவாங்க.

லைசென்ஸ் வந்தப்புறம் சில வாரம் டிரெய்னரோட வண்டில போகணும், அப்போ மைல் ரேட் பெரும்பாலும் கிடையாது, வாரத்துக்கு இவ்ளோன்னு கம்மியா ஒரு தொகை. சில இடத்துல டிரெய்னர் பின்னாடி பெர்த்ல தூங்க, நேத்து லைசென்ஸ் வாங்கின பையன் ராத்திரி ஹைவேல தனியா ஓட்டிட்டு இருப்பான், அத டிரெய்னிங்னு நான் ஒத்துக்கவே மாட்டேன். முதல் சில வாரம் டிரெய்னர் பக்கத்து சீட்ல முழிச்சிட்டு இருப்பாரான்னு ரெக்ரூட்டர் கிட்ட எழுத்துல வாங்குங்க.

ஃப்ரீங்கறதுக்குப் பின்னாடி அனேகமா ஒரு வருஷ காண்ட்ராக்ட் இருக்கும், நடுவுல விட்டா ஃபீஸ் மொத்தமும் கேப்பாங்க. மாசாமாசம் கடன் குறையுமா, அவங்களே வேலைய விட்டு அனுப்பினாலும் கட்டணுமா, இந்த ரெண்டுக்கும் பேப்பர்ல பதில் இல்லன்னா கையெழுத்து போடாதீங்க. உங்க ஏரியா அரசாங்க ஜாப் சென்டர்ல கேட்டுப் பாருங்க, தகுதி இருந்தா ஸ்கூல் ஃபீஸுக்கு அவங்களே உதவி பண்ணுவாங்க, அது கெடச்சா எந்த கம்பெனிக்கும் கட்டுப்பட வேணாம்.

கேள்வி: என் பையனுக்கு 19 வயசு, அமெரிக்காலயேதான் படிச்சான். அவனும் டிரக் ஓட்டணும்ங்கறான், முடியுமாங்க?

பதில்: பெரும்பாலான ஸ்டேட்ல 18 வயசுல சிடிஎல் எடுக்கலாம்மா, ஆனா சொந்த ஸ்டேட்டுக்குள்ளதான் ஓட்ட முடியும், ஸ்டேட் தாண்ட பொதுவா 21 ஆகணும். வெளி ஸ்டேட்ல இருந்து வந்த சரக்க உள்ளூர்ல கொண்டுபோய் சேக்கறதும் ஸ்டேட் தாண்டின கணக்குலயே வரலாம், அதனால என்ன லோடுன்னு கம்பெனில முதல்லயே கேட்டுக்கச் சொல்லுங்க. மண்ணு, ஜல்லி, ரெடிமிக்ஸ் காங்கிரீட் ஏத்தற வேலைங்க அனேகமா உள்ளூர்லயே முடிஞ்சிடும், அதுல ஆரம்பிக்கட்டும்.