மாரி தொடங்க முன் வாகன அன்ரெனா: கேள்வி பதில்

வேலணையிலிருந்து ஒருவர்: ஹயஸ் வானில் அமெச்சூர் வானொலிக்கு 2 மீற்றர் அலைவரிசை அன்ரெனா பூட்டியிருக்கிறேன். தினமும் பண்ணைப் பாலத்தால்தான் போய்வருகிறேன். கம்பி பளபளவென்று இருக்கிறது. ஆனால் எஸ்.டபிள்யு.ஆர்., அதாவது அன்ரெனாவிலிருந்து வலு எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, ஏறிக்கொண்டே போகிறது. என்ன பிழை?

கம்பியை விடுங்கள், அடியைப் பாருங்கள். வாகன அன்ரெனா அடியிலிருந்துதான் சாகிறது. கம்பி ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல். அது இறங்கும் அடி பெரும்பாலும் குரோம் பூசிய பித்தளை. பிடித்துக்கொள்ளும் பட்டை சிலவேளை அலுமினியம். இந்த மூன்று உலோகத்துக்கும் நடுவே உப்புத் தண்ணீர் நின்றால் மின்னோட்டம் உண்டாகி, அலுமினியம் முதலில் அரிபடும். சோளகம் வீசும் மாதங்களில் முன்கண்ணாடியில் ஒரு பிசுபிசுப்புப் படியுமல்லவா, அதுதான் மரைக்குள்ளும் போகிறது. பகலில் காயும், இரவில் காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி நனையும்.

கழற்றிப் பாருங்கள். வெள்ளைத் தூள் இருந்தால் அலுமினியம் அரிபட்டிருக்கிறது. பச்சை என்றால் பித்தளை அல்லது செம்பு. நல்ல தண்ணீரில் கழுவி, பழைய பல் பிரஸ்ஸால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, சிலிக்கன் கிறீஸ் மெல்லிசாகப் பூசிப் பூட்டுங்கள். அடியில் சுருள்வில் இருந்தால் அதற்குள் ஒரு செம்புப் பின்னல் ஓடும். அது அறுந்தால் வாகனம் குலுங்கும்போதெல்லாம் கரகரக்கும்.

அப்புறம் கேபிள் முனை. பி.எல். 259 கனெக்ரர் தண்ணீர் புகாதது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் ரேப்பைக் கீழிருந்து மேலாக, கிடுகு வேய்வது போல ஒன்றின்மேல் ஒன்று ஏறச் சுற்றுங்கள். வெயிலுக்காக அதன்மேல் சாதாரண கறுப்பு ரேப். கேபிளின் பின்னல் கறுத்துப் போயிருந்தால் கேபிளையே மாற்றுங்கள். தண்ணீர் பின்னல் வழியே உள்ளே ஊர்ந்துவிடும்.

வினாகிரி மணக்கும் சிலிக்கனை மட்டும் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். அது இறுகும்போது அசற்றிக் அமிலம் வெளிவரும், செம்பைத் தின்னும்.

மானிப்பாய்: சிலிக்கன் பூசி மூடிவிட்டால் ரேப் வேலை மிச்சம்தானே?

மேலே கடைசிப் பந்தியை வாசியுங்கள்.

சுன்னாகம்: அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 காரில் துளை போட மனமில்லை. காந்த அடி சரிவருமா?

அருமையாக வரும். அந்தக் காலத்து இரும்புக் கூரை. நடுவில் வைத்து, 145 மெகாஹேட்ஸுக்குக் கால் அலைக் கம்பி (அலைநீளத்தின் கால்பங்கு), ஏறக்குறைய 49 சென்ரிமீற்றர், போதும். காந்தத்தின் கீழ் மணல் சேர்ந்தால் பூச்சு கீறுப்பட்டு அந்த இடத்தில் கறள் பிடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை தூக்கித் துடையுங்கள்.

ரொறன்ரோ: அண்ணை, நான் சாவகச்சேரி, இப்போது இங்கே. ஒவ்வொரு பனிக்காலமும் எச்.எஃப். (சிற்றலை) அன்ரெனாவின் கொயில் மூடி வெடிக்கிறது. கழற்றி வைப்பதா?

கழற்ற வேண்டாம் தம்பி. மூடிக்குள் தண்ணீர் நிற்கிறது. உறையும்போது அது ஏறக்குறைய 9 வீதம் பருக்கும், பிளாஸ்ரிக் தாங்காது. கீழே வடிதுளை இருக்கிறதா பாருங்கள். அதை நீங்களே சிலிக்கனால் அடைத்திருப்பீர்கள் என்று என் சந்தேகம். கம்பியில் பனிக்கட்டி ஏறினால் ஒத்ததிர்வு, அதாவது அன்ரெனா இசையும் அதிர்வெண், கீழே இறங்கும். தட்டி உடைக்காமல் உருகும்வரை வலுவைக் குறைத்துப் பேசுங்கள். கேபிளின் பி.வி.சி. உறை கடுங்குளிரில் விறைக்கும், வளைத்தால் வெடிக்கும். கேபிளைக் கதவிடுக்கில் நசியவிடாதீர்கள். வீதியில் தூவும் உப்பில் கல்சியம் குளோரைட் கலந்திருந்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக் காயாமலே இருக்கும். வாகனத்தைச் சூடான கராஜுக்குள் விட்டால் கறள் இன்னும் வேகமாக ஏறும்.

பருத்தித்துறை: அவர்களுக்கு உப்பு சில மாதம். எங்களுக்கு வருடம் முழுக்க. இதெல்லாம் ஒரு கஷ்டமா?

ரொறன்ரோ: உங்களுக்கு மாரி மழை கழுவிவிடுகிறது. எங்களுக்கு யார் கழுவுவது?

பருத்தித்துறை: வாடைக்காற்றில் கடலே வீட்டுக்குள் வருகிறது, இவர் மழையைச் சொல்கிறார்!

சரி, இதற்குள் நானும் வருகிறேன். வெப்பம் கூடினால் அரிமானமும் வேகமாகும், அதில் பருத்தித்துறை வெல்கிறது. ஆனால் மழை கழுவும் என்பதும் உண்மை. அதனால்தான் மழை படாத இடம், பட்டையின் அடிப்பக்கம், கூடுதலாக அரிபடுகிறது. உறைந்து உருகும் தொல்லை யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆணி விடயத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பதில்: ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலில் 316 ரகம் வாங்குங்கள். அதில் மொலிப்டினம் இருக்கிறது. 304 உப்பில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். இருவரும் பட்டையைக் கழற்றி, அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். பிறகு சண்டை பிடிக்கலாம்.

காரைநகர்: வெள்ளைச் சிலிக்கனா, கறுப்பா நல்லது?

நிறத்தைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை. மணந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் குளியலறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொடிகாமம்: அனுமதிப்பத்திரம் எப்படி எடுப்பது?

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். இது அன்ரெனாப் பகுதி.

நல்லூர்: எனக்கு ஓட்டோ. கூரை சீலை. இடி முழங்கும்போதும் பேசலாமா?

சீலையில் காந்தம் ஒட்டாது. கீழே உலோகத் தளம் தேவைப்படாத அரை அலை அன்ரெனாவைப் பின் கம்பியில் பூட்டுங்கள். இடிக்குப் பேசவே வேண்டாம். மூடிய இரும்புக் கூரைக் கார் தரும் பாதுகாப்பு ஓட்டோவில் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் வானம் கறுத்தால் ஓட்டோவை ஓரங்கட்டிவிட்டு, கல்வீடு ஒன்றுக்குள் போங்கள்.