விலக்கு இருந்தும் மருந்து ஏன் வரவில்லை?

அன்புள்ள ஐயா,

பொருளாதாரத் தடை எளிய மக்களையே வதைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டே? போரைவிட இது மேலான வழியல்லவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விலக்கு உண்டு என்பது உண்மைதான். 2018இல் அணு உடன்பாட்டிலிருந்து விலகிய அமெரிக்கா ஈரான் மீது மீண்டும் தடை விதித்தபோதும் மருந்து தடைப்பட்டியலில் இல்லை. ஆனால் மருந்துக்கான பணம் ஏதேனும் ஒரு வங்கி வழியாகத்தானே போய்ச் சேர வேண்டும்? சூடான், ஈரான், கியூபா தொடர்பான பரிவர்த்தனைகளுக்காக பிரான்சின் பிஎன்பி பாரிபா வங்கி 2014இல் அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 890 கோடி டாலர் அபராதம் கட்ட நேர்ந்ததை ஐரோப்பிய வங்கிகள் மறக்கவில்லை. சொற்பக் கட்டணத்துக்காக அத்தகைய ஆபத்தை எந்த வங்கியும் விரும்பி ஏற்காது. சட்டம் திறந்துவைத்த வழியை அச்சம் அடைத்துவிடுகிறது.

ஈராக்கின் நிலை இன்னும் கொடியது. 1990 ஆகஸ்டில் அது குவைத்தைக் கைப்பற்றிய நான்காம் நாள் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 661ஆம் தீர்மானம் மருந்துக்கு விலக்கு அளித்தது. ஆனால் எண்ணெய் விற்றுப் பிழைத்த நாடு, எண்ணெயை விற்க முடியாதபோது எதைக் கொண்டு மருந்து வாங்கும்? எண்ணெய்க்கு ஈடாக உணவு வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வர 1996 டிசம்பர் ஆயிற்று. அதன் பின்னரும், தடையை மேற்பார்த்த ஐ.நா. குழுவின் உறுப்பு நாடு ஒன்று மறுத்தாலே ஒப்பந்தம் நின்றுவிடும் என்ற நிலையில், குடிநீர்ச் சுத்திகரிப்புக்கான பொருட்கள்கூட இராணுவத்துக்கும் பயன்படக்கூடும் என்ற ஐயத்தின் பேரில் முடங்கிக் கிடந்தன. அரசு வழங்கிய பங்கீட்டையே மக்கள் நம்பியிருக்க நேர்ந்ததால், சதாம் உசேனின் பிடி தளர்வதற்குப் பதில் இறுகியது.

எல்லாத் தடைகளையும் நான் எதிர்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக்கு எதிராகப் போராடியவர்களே உலகிடம் தடையைக் கோரினார்கள். 1985இல் வெளிநாட்டு வங்கிகள் குறுகியகாலக் கடன்களைப் புதுப்பிக்க மறுத்ததும், மறு ஆண்டு அதிபர் ரீகனின் தடுப்பாணையை மீறி அமெரிக்க நாடாளுமன்றம் தடைச்சட்டம் இயற்றியதும் அந்த அரசை உண்மையிலேயே நெருக்கின. அங்கே கோரிக்கை தெளிவாக இருந்தது. அது நிறைவேறியதும் தடைகள் படிப்படியாக விலகின. ஈராக்கிடமோ, ஆயுதங்களைக் களைந்தால் எண்ணெய் ஏற்றுமதித் தடை நீங்கும் என்று 1991இல் பாதுகாப்பு அவை சொல்ல, சதாம் பதவியில் இருக்கும்வரை தடை நீடிக்கும் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தார். பணிந்தாலும் பயனில்லை என்று தெரிந்த பிறகு எந்த ஆட்சியாளர் பணிவார்?

ஆகவே, போரைவிட மேலானதா என்ற உங்கள் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஆயுத விற்பனையை நிறுத்துவதையும் ஆட்சியாளர்களின் வெளிநாட்டுச் சொத்துக்களை முடக்குவதையும் நான் ஆதரிக்கிறேன். ஒரு நாட்டின் வணிகம் முழுவதையும் முடக்குவதை ஏற்க என்னால் இயலாது. பாக்தாத்தில் ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிக்குத் தலைமை வகித்த டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000இலும் இந்தத் தடைகளை எதிர்த்தே பதவி விலகினார்கள்.