கட்டுரைக்குக் காசு கட்டும் முன் நூலகத்தில் கேளுங்கள்

'சமூக ஊடகமும் மாணவர்களும்' என்று தேடினால் ஆய்வுக் கட்டுரைகள் மலைபோல் குவிகின்றன, வேண்டிய ஒன்றைத் திறக்கப் போனால் காசு கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முதல் வேலையாக, அந்தக் கட்டுரைக்குப் பணம் கட்டாதீர்கள். பதிப்பகத்தின் தளத்துக்கு நேராகப் போனால் காசுதான் கேட்கும். அந்தக் கட்டுரை வெளியான இதழுக்கு உங்கள் பல்கலைக்கழக நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கலாம். நூலகத் தளத்தில் மாணவர் கணக்கோடு உள்ளே போய், அங்கிருந்து தேடிப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரின் செட்டிங்ஸில் 'லைப்ரரி லிங்க்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, அதில் உங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்க்க முடிந்தால், நூலகத்தில் இருக்கும் கட்டுரைகளுக்கான லிங்க் தேடும்போதே பக்கத்தில் வந்து நிற்கும். எங்கேயும் கிடைக்கவில்லையா, வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். பல நூலகங்கள் செய்கின்றன, என்ன, கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் உண்மையான சிக்கல் காசு இல்லை. 'சமூக ஊடகமும் மாணவர்களும்' என்று தேடினால் மலைபோல் வந்து குவியத்தான் செய்யும், ஏனென்றால் அது தலைப்பு, கேள்வி அல்ல. யார், எந்த வயது, எது மாறுகிறது என்று குறுக்குங்கள். 'படுத்த பிறகும் போன் பார்க்கும் முதலாண்டு கல்லூரி மாணவர்களின் தூக்கம் கெடுகிறதா?' இப்போது தேடலாம். தூக்கத்துக்கு 'ஸ்லீப்', 'இன்சோம்னியா' என்ற ஆங்கிலச் சொற்களை நடுவில் 'ஆர்' (OR) போட்டு ஒரே அடைப்புக்குறிக்குள் வையுங்கள், இரண்டில் எது இருந்தாலும் வரும். போனுக்கான சொற்களுக்கும் அப்படியே ஒரு அடைப்புக்குறி. இரண்டு அடைப்புக்குறிகளையும் 'ஆண்ட்' (AND) போட்டு இணையுங்கள், இரண்டும் சேர்ந்திருப்பவை மட்டும் வரும். 'காலேஜ் ஸ்டூடன்ட்ஸ்' மாதிரி சேர்ந்தே வரவேண்டிய சொற்களுக்கு இரட்டை மேற்கோள். இவ்வளவு செய்தாலே குவியல் நன்றாகக் கரைந்துவிடும்.

எங்கே தேடுவது என்பது துறையைப் பொறுத்தது. உடல்நலம் என்றால் பப்மெட், கல்வி என்றால் எரிக், இந்த இரண்டு தேடல் தளங்களிலும் தேடுவது இலவசம். ஜேஸ்டோர் என்ற இதழ்த் தொகுப்புத் தளம் வரலாறு, இலக்கியத்துக்கு அருமை, ஆனால் அதில் பல இதழ்களின் கடைசி சில ஆண்டுகள் இருக்காது, புதிய ஆய்வு வேண்டுமென்றால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அப்புறம், ஐம்பது பிடிஎஃப் இறக்கி வைப்பதை ஆராய்ச்சி என்று நினைத்துக்கொள்ளும் பழக்கம் நிறைய பேருக்கு இருக்கிறது. வேண்டாம். அண்மையில் வந்த ஒரு நல்ல மறுஆய்வுக் கட்டுரை, அதாவது ஒரு தலைப்பில் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து அலசும் 'ரிவ்யூ', ஒன்றே ஒன்று பிடியுங்கள். அதன் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியல் உங்களைப் பின்னோக்கிக் கூட்டிப்போகும். கூகுள் ஸ்காலரில் அதன் கீழே உள்ள 'சைட்டட் பை'யை அழுத்தினால் அதற்குப் பிறகு அதை மேற்கோள் காட்டி யார் யார் எழுதினார்கள் என்று தெரியும். எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம், தவறு என்று சுட்டிக்காட்டுவதற்காகவும் ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டுவார்கள். சுருக்கத்தைப் படித்ததும் முடிவுரைக்குத் தாவாமல், யாரிடம், எத்தனை பேரிடம், எப்படிக் கேட்டார்கள் என்ற பகுதியைப் படியுங்கள்.

படிக்கிற ஒவ்வொன்றையும் முதல் நாளிலிருந்தே ஸோட்டெரோவில் போட்டு வையுங்கள். இலவச மென்பொருள், மேற்கோள் பட்டியலை அதுவே போட்டுக்கொடுக்கும், ஆசிரியர் பெயர், ஆண்டு சரியாக ஏறியிருக்கிறதா என்று மட்டும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். ஏஐ சாட்பாட் தரும் மேற்கோளை அப்படியே எழுதிவிடாதீர்கள், இல்லாத கட்டுரையைக்கூட அச்சு அசலாகச் சொல்லும். கட்டுரையைத் திறந்து பார்த்த பிறகே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நூலகரைத் தொந்தரவு செய்யத் தயக்கம் என்று எழுதியிருந்தீர்கள். இதற்கு உதவுவதும் அவர் வேலைதான். பல இடங்களில் துறைவாரியாகவே நூலகர் இருப்பார். வெறுங்கையோடு போகாமல் உங்கள் கேள்வியை ஒரு வரியில் எழுதி, இதுவரை போட்டுப் பார்த்த தேடல் சொற்களையும் குறித்துக்கொண்டு போங்கள், எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.