“இதற்காகவே கர்த்தர் உன்னை வைத்திருக்கிறார்” என்கிறார்கள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் குடியாத்தத்தில் வசிக்கும் 35 வயதுப் பெண்; திருமணம் ஆகவில்லை. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியரான அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வலப்பக்கம் செயலிழந்து பேச்சும் போய்விட்டபோது, “கொஞ்ச நாள் நீ வந்து பார்த்துக்கொள்” என்று அண்ணன்கள் இருவரும் சொன்னதை நம்பி விடுப்பில் வந்தேன். அந்த விடுப்பு ராஜினாமாவில் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அம்மா முன்பே காலமாகிவிட்டார்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; தவறினால் இடுப்பில் புண் வந்துவிடும். கஞ்சியைப் புரையேறாமல் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கவே முக்கால் மணி நேரம் ஆகும். மூத்த அண்ணன் பெங்களூரிலும் சின்ன அண்ணன் ஓசூரிலும் இருக்கிறார்கள். “அப்பாவின் பென்ஷன்தான் வருகிறதே” என்பதோடு அவர்கள் பேச்சு முடிந்துவிடும். சபையிலிருந்து பெண்கள் ஐக்கியத்தார் வந்து ஜெபித்து, “இதற்காகவே கர்த்தர் உன்னைக் கல்யாணம் ஆகாமல் வைத்திருக்கிறார், அம்மா” என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். சுவரில் தொங்கும் சபைக் காலண்டரில் எரேமியா 29:11 அச்சிட்டிருக்கிறது. நம்மைக் குறித்துத் தேவன் சமாதானத்துக்கான நினைவுகளை வைத்திருக்கிறார் என்னும் அந்த வசனத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

சில இரவுகளில், அப்பா சீக்கிரம் போய்விட்டால் நல்லது என்று தோன்றிவிடுகிறது. பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது. இதுதான் தேவ சித்தமா? அப்படியானால் அதை ஏற்றுக்கொள்ளும் தைரியம் எனக்கு ஏன் இல்லை?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் தயங்கி எழுதியதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். படுத்த படுக்கையாய் இருப்பவரை நெடுங்காலம் தனியாகப் பராமரிப்பவர்களுக்கு, “இது முடிந்தால் போதும்” என்ற எண்ணம் வருவது மிகவும் சாதாரணம். அந்த எண்ணம் கேட்பது இந்த அவதியின் முடிவைத்தான். அப்பாவின் மீதுள்ள பாசம் வற்றிவிட்டதற்கு அது அடையாளமாகாது. ஆனால் அதே எண்ணம் உங்கள் உயிரின் பக்கம் திரும்பினாலோ, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராமலும் பசி இல்லாமலும் எதிலும் பிடிப்பில்லாமலும் இரண்டு வாரங்களுக்கு மேல் கழிந்தாலோ, அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையத்துக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ போங்கள். வீட்டைவிட்டு வெளியே வர இயலாத நாளில் 14416 என்ற, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம்.

இனி உங்கள் கேள்வி. உங்களுக்குக் கோபமூட்டும் அந்த வசனம், பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருகிறது. திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்று அதற்கு முந்தின வசனம் சொல்கிறது. அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம்முடியுங்கள் என்று அதற்கும் முன்னால் இருக்கிறது. காலண்டர் அச்சிடுகிறவர்கள் இந்தப் பகுதியை ஏனோ விட்டுவிடுகிறார்கள். சிறையிருப்பு இனிமையானது என்று அந்தக் கடிதம் எங்கும் சொல்லவில்லை. அதற்குள் இருந்துகொண்டே சொந்த வாழ்க்கையை நடத்தச் சொல்கிறது. உங்கள் சொந்த வாழ்க்கை மூன்று ஆண்டுகளாக நின்றுபோயிருக்கிறது. கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, இங்கே அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவானது; 1972-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. அந்த விபத்தைத் தேவன் விரும்பி அனுப்பினார் என்று சொல்ல எனக்கு நா எழாது. கால்கள் போன பிறகு கைகள் மிஞ்சியிருக்கின்றனவே, அவற்றைக் கொண்டு நாளைக்கு என்ன செய்யலாம் என்று பார்த்ததில்தான் அவருடைய அழைப்பு துலங்கியது. அவரைச் சாட்சியாகச் சொல்பவர்கள் பேசாமல் விட்டுவிடும் ஒன்றும் உண்டு: சக மருத்துவர்களும் செவிலியர்களும் சூழ்ந்து நிற்காமல் அவரால் அந்த அறுவை அரங்குக்குள் நுழைந்திருக்கவே முடியாது.

உங்களிடம் குறைவது ஏற்றுக்கொள்ளும் தைரியம் என்கிறீர்கள். மூன்று ஆண்டுகளாக அப்பாவைப் புண் வராமல் காப்பாற்றி வருபவரிடம் அது தாராளமாகவே இருக்கிறது. கேட்கும் தைரியம்தான் இன்னும் வரவில்லை. எரிமுட்செடியில் நேரடியாக அழைப்புப் பெற்ற மோசேயிடமே அவருடைய மாமனார் எத்திரோ, “நீர் செய்வது நல்லதல்ல, தனியாளாய் உம்மால் இதைச் செய்ய முடியாது, தொய்ந்துபோவீர்” என்ற பொருளில் பேசுகிறார் (யாத்திராகமம் 18). மோசே கோபித்துக்கொள்ளவில்லை, பாரத்தைப் பகிர்ந்துகொண்டார். அழைப்பு தேவனுடையதாகவே இருந்தாலும், தனியாய்ச் சுமப்பதை அவர் கேட்டதாக ஆகிவிடாது. அண்ணன்களின் அலட்சியத்துக்கு ‘தேவ சித்தம்’ என்று பெயர் வைப்பது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத காரியம்.

ஆகவே அண்ணன்களிடம் பேசுங்கள். அழுகையோடு அல்லாமல் கணக்கோடு. கணக்கு உங்கள் தொழில்தானே. ஒரு வாரத்தின் வேலைகளையும் செலவையும் ஒரு தாளில் எழுதி இருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, “அண்ணா, மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு நீங்களும் இன்னொரு சனி, ஞாயிறு சின்ன அண்ணனும் வந்து இருக்க வேண்டும்; பகலில் ஒரு ஆயா வைக்க இருவரும் பணம் தர வேண்டும்” என்று தேதி போட்டுக் கேளுங்கள். பெற்றோரைப் பராமரிக்கும் கடமை மகன்களுக்கும் உண்டு என்று 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வழியுண்டு. அதை எடுத்த எடுப்பில் வீசச் சொல்லவில்லை, கையில் இருப்பது தெரிந்தால் குரல் நடுங்காது.

பெண்கள் ஐக்கியத்தார் அடுத்த முறை வரும்போது, வாரத்தில் ஒரு பிற்பகல் அப்பாவோடு இருக்க முடியுமா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எப்படிப் புரட்டுவது என்று செய்து காட்டுங்கள். சிலர் நழுவுவார்கள், இரண்டு பேராவது வருவார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவுப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதியுங்கள்.

அப்படிக் கிடைக்கும் முதல் பிற்பகலில் நன்றாகத் தூங்குங்கள். அடுத்தடுத்த வாரங்களில், கடைவீதியில் கணக்கு எழுத ஆள் தேடும் கடைகள் எவை, ஜி.எஸ்.டி. வேலையை வீட்டிலிருந்தே செய்ய எந்த ஆடிட்டர் கொடுப்பார் என்று விசாரியுங்கள்.