வின்னிபெக்கில் பனி உருகும் மாதம்: பேஸ்மென்ட் வீடு தாங்குமா?

கேள்வி: என் மகன் கனடாவில் வின்னிபெக்கில் படிக்கிறான். ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறான். பனி உருகி வெள்ளம் வரலாம் என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். 2023-ல் யமுனை ஏறியதைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயம். அவன் என்ன செய்யணும்?
— ஒரு வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: அந்த ஜூலையில் பழைய ரயில்வே பாலத்தில் தண்ணீர் 208.66 மீட்டர் தொட்டது. நாமெல்லாம் மேலே இருக்கும் ஹத்னிகுண்ட் தடுப்பணையில் எவ்வளவு திறந்தார்கள் என்று கேட்டுக் கேட்டு நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தோம். அந்தக் கணக்கு பனிக்கட்டி மிதக்கும் ஆற்றுக்கு உதவாதும்மா.

அங்கே ஓடும் ரெட் ரிவர் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. தெற்கே பனி முதலில் உருகிவிடும். வடக்கே ஆறு இன்னும் கெட்டியாக உறைந்து கிடக்கும். உடைந்து வரும் பாளங்கள் வளைவிலோ பாலத்தடியிலோ சிக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அதுவே ஒரு அணை. சில மணி நேரத்தில் பின்னால் நீர் ஏறும். அடைப்பு விட்டால் கீழே இருப்பவர்களுக்குத் திடீர் வெள்ளம். எத்தனை மணிக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

எவ்வளவு பனி கொட்டியது என்பதை மட்டும் பார்க்க வேண்டாம். புதுப்பனி பஞ்சு மாதிரி, உருகினால் கொஞ்சம்தான் தண்ணீர். இரவு வெப்பநிலையைக் கவனிக்கச் சொல்லுங்கள். பகலில் உருகி இரவில் உறைந்தால் தண்ணீர் நிதானமாக வடியும். இரவிலும் பூஜ்யத்துக்கு மேலேயே இருந்து, கூடவே மழையும் சேர்ந்தால்தான் ஆபத்து. மண் உறைந்திருப்பதால் தண்ணீர் அதிகம் உள்ளே இறங்காது.

ஊரைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 1950 வெள்ளத்துக்குப் பிறகு, 1968-ல் முடித்த 47 கிலோமீட்டர் வெள்ளக் கால்வாய் நகரைச் சுற்றி நீரைத் திருப்பிவிடுகிறது. 1997-ல் தெற்கே அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் மூழ்கியபோதும் வின்னிபெக்கின் பெரும்பகுதி தப்பியது அதனால்தான்.

என் கவலை பேஸ்மென்டின் தரையில் இருக்கும் வடிகால் ஓட்டை. ஆறு நிறைந்திருக்கும்போது சாக்கடைக் குழாயில் நீர் பின்வாங்கி அது வழியாக மேலே வரும். அதைத் தடுக்கும் வால்வு இருக்கிறதா, சம்ப் பம்ப் (பேஸ்மென்ட் குழியில் சேரும் நீரை வெளியேற்றும் பம்ப்) ஓடுகிறதா என்று வீட்டுக்காரரிடம் இப்போதே கேட்கட்டும். பம்ப் நீரை வெளியே தள்ளும் குழாயின் வாய் பனியில் அடைந்து கிடக்கும். பலரும் பார்க்காமல் விடுவது அதைத்தான். சுவரோரப் பனியைத் தள்ளி அப்புறப்படுத்தணும். பாஸ்போர்ட், சான்றிதழ், லேப்டாப் எதுவும் தரையில் வேண்டாம். வாடகைதாரர் காப்பீட்டில் சாக்கடை நீர் ஏறுவதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். தண்ணீர் வருவதற்கு முன்பே சேர்க்கணும். தரையில் தண்ணீர் நின்றால் கரண்ட் நிறுத்தாமல் கால் வைக்கவே கூடாது.

இன்னொன்று. ஜனவரியில் உறைந்த ஆற்றின்மேல் ஸ்கேட்டிங் போய் வந்திருப்பான். பார்க்க அதே பனிதான். ஆனால் மார்ச்சில் அடியில் கரைந்திருக்கும். கரையோடு நின்றுகொள்ளச் சொல்லுங்கள்.